வாட்டைக் கேட்கும் முன் வீட்டைக் கேளுங்கள்

என் தம்பி உருமி மேளக் குழுவில் வாசிக்கிறான். சென்ற ஆண்டு ஒரு பயிற்சியின்போது குழுவினர் வாசித்ததைக் கைப்பேசியில் பதிவுசெய்து வந்து, என் மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். தட்டும் குச்சியின் ஓசை கேட்டது, ஜால்ரா கேட்டது. உருமியைத்தான் காணோம். “அக்கா, இதுல நான் வாசிக்கவே இல்லாத மாதிரி இருக்கு,” என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கர்களால் தாழ்ந்த அதிர்வெண்களை எழுப்ப முடியாது. அதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதன் பெயர் சப்வூஃபர். பல்கலைக்கழக விடுமுறை தொடங்கியிருந்தது, துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த 200 வெள்ளியும் கையில் இருந்தது. கடையில் வாங்குவதைவிட நாமே செய்துவிடலாம் என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “கீழ் வீட்டு மக்சிக்குத் தொந்தரவா இருந்துச்சுன்னா, பெட்டி மறுநாளே குப்பைக்குப் போயிரும்.”

மரப்பெட்டி செய்வதுதான் கடினம், ஆம்ப்ளிஃபயர் என்பது கடைக்குப் போய் வாங்கிவரும் பொருள் என்று அப்போது நினைத்தேன். நடந்தது நேர்மாறாக இருந்தது. பெட்டி இரண்டு நாளில் முடிந்தது. சரியான ஆம்ப்ளிஃபயர் எது என்று புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆனது.

ஒரே சொல், இரண்டு கருவிகள்

முதல் குழப்பம் மொழியில் இருந்தது. உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில் ‘ஒலிபெருக்கி’ என்றால் சுவரில் தொங்கும் ஸ்பீக்கர் என்று படித்தோம். ஆனால் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. மின்சாரத்தை அசைவாக்கி, அந்த அசைவால் காற்றை அதிரவைப்பதே அதன் வேலை. கைப்பேசியிலிருந்து வரும் சிறு மின்குறிப்பைப் பெரிதாக்கித் தருவது ஆம்ப்ளிஃபயர். பெருக்கி என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். இக்கட்டுரையில் நான் ‘பெருக்கி’ என்று சொல்வது ஆம்ப்ளிஃபயரைத்தான்.

மூடிய பெட்டி என்பது பெயருக்கேற்ப எந்தத் துளையும் இல்லாதது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப்போல் வேலை செய்கிறது. ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போனால் காற்று வெளியே தள்ளும், வெளியே வந்தால் உள்ளே இழுக்கும்.

இந்த எளிய யோசனையை வணிகப் பொருளாக்கியவர் எட்கர் வில்ச்சூர் என்ற அமெரிக்கர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர், தம் மாணவர் ஹென்றி குளோஸுடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் 1954ல் ‘ஏஆர்-1’ என்ற மூடிய பெட்டி ஸ்பீக்கரை வெளியிட்டது. நல்ல தாழ்வொலி வேண்டுமென்றால் அலமாரி அளவுக்குப் பெரிய பெட்டி வேண்டும் என்றிருந்த காலம் அது. ஏஆர்-1 புத்தக அலமாரியிலேயே அடங்கியது.

ஆனால் சிறிய பெட்டிக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஏஆர்-1 அதே ஒலியைத் தர அதிகத் திறனைக் கேட்டது. குளோஸுடன் பிறகு கேஎல்எச் நிறுவனத்தைத் தொடங்கிய ஆன்டன் ஹாஃப்மனின் பெயரால் ஒரு ‘இரும்பு விதி’ இன்றும் சொல்லப்படுகிறது. சிறிய பெட்டி, ஆழமான தாழ்வொலி, குறைந்த மின்திறன் ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். வீவக வீட்டில் பெட்டி சிறியதாகத்தான் இருக்க முடியும். ஆழமான ஒலியும் வேண்டுமென்றால் பெருக்கிதான் ஈடுகட்ட வேண்டும். மூடிய பெட்டி செய்பவர்களுக்குப் பெருக்கியைத் தேர்ந்தெடுப்பது பெரிய கேள்வியாவது இதனால்தான்.

நான் செய்த தவறு

எங்கள் ஸ்பீக்கர் 10 அங்குலம், 4 ஓம். அதைப் பொருத்த உட்புறம் மூன்று பக்கமும் 31 சென்டிமீட்டர் இருக்கும் பெட்டி செய்தோம். கொள்ளளவு சுமார் 30 லிட்டர். 18 மில்லிமீட்டர் பலகை, மரப்பசை, ஸ்பீக்கரின் விளிம்பில் காற்றுக் கசியாதிருக்க நுரைப்பட்டை, அவ்வளவுதான்.

பெருக்கிக்கு இணையத்தில் ‘100 வாட்’ என்று போட்டிருந்த சிறிய மின்பலகை ஒன்றை வாங்கினேன். வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினி மின்னூட்டியைச் செருகினேன். 19 வோல்ட், 65 வாட். பாட்டு ஓடியது. ஆனால் ஒலியைக் கொஞ்சம் கூட்டியதும், பலமான அடி விழும் இடங்களில் கரகரத்தது. இன்னும் கூட்டியபோது மின்னூட்டி தானாகவே நின்றுபோனது.

‘100 வாட் போதவில்லை, 500 வாட் வேண்டும்’ என்று நான் முடிவுகட்டினேன். பலரும் செய்யும் தவறு இது.

உண்மையில் அந்தப் பலகை 100 வாட் தரவே இல்லை. அதில் இருந்தது டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ3116 என்ற சில்லு. உற்பத்தியாளரின் தரவுத்தாளைப் பிறகுதான் படித்தேன். 21 வோல்ட்டில், 2 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் என்றும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் என்றும் அதில் தெளிவாக இருக்கிறது. அதுவும் ஒலி 10 விழுக்காடு சிதையும் நிலையில். தரவுத்தாள் பொய் சொல்லவில்லை. விற்றவர் பெரிய எண்ணை மட்டும் போட்டார், நானும் அதை மட்டும் படித்தேன்.

உயர்நிலைப் பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். இவ்வகைப் பலகை தரக்கூடிய உச்சத் திறனைக் கண்டுபிடிக்க, மின்னூட்டியின் வோல்ட் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஸ்பீக்கரின் ஓம் எண்ணைப்போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். என் மின்னூட்டி 19 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். 361ஐ 8ஆல் வகுத்தால் 45 வாட். ‘100 வாட்’ பெருக்கியிடம் நான் பெற்றது அதிகபட்சம் 45 வாட். இயற்பியல் தேர்வில் இதே கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பணத்தைக் கொடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

அப்பா 1990களில் வாங்கிய ஹை-ஃபை பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. முன்பக்கத்தில் ‘பிஎம்பிஓ 1,500 வாட்’ என்று தங்க எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில் சிறு எழுத்தில் ‘மின்பயன்பாடு 90 வாட்’. சுவரிலிருந்து 90 வாட் எடுக்கும் கருவி 1,500 வாட்டைத் தொடர்ந்து வெளியே தர முடியாது. கண் இமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடிய ஒரு கற்பனை உச்சத்தைக் குறிப்பதே பிஎம்பிஓ. அமெரிக்காவில் இதுபோன்ற விளம்பரங்கள் எல்லை மீறியதால், பெருக்கியின் திறனை எப்படி அளந்து வெளியிட வேண்டும் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1974லேயே விதி கொண்டுவந்தது. நாம் தேட வேண்டிய சொல் ‘ஆர்எம்எஸ்’. எத்தனை ஓம், எவ்வளவு சிதைவு என்ற விவரங்களும் கூடவே இருக்க வேண்டும். இவை இல்லாத வாட் எண்ணுக்குப் பொருளில்லை.

சிம் லிம் டவரில் மூன்று கேள்விகள்

500 வாட் கனவோடு ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். தேக்காவில் அம்மாவுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலையிலிருந்து ரோச்சோர் பக்கமாக நடந்தால் சிறிது நேரத்தில் சிம் லிம் டவர் வந்துவிடும். கணினிக்குப் பேர்போன சிம் லிம் ஸ்குவேர் வேறு, ஜாலான் புசார் முனையில் நிற்கும் சிம் லிம் டவர் வேறு. டவரில் மின்தடைகள், மின்தேக்கிகள், கம்பிகள், செருகிகள், ஒலிக்கருவிகள் விற்கும் கடைகள் உள்ளன. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் பலருக்கு இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக அங்கு அலைந்த அனுபவம் இருக்கும். பழைய பெருக்கிகளைத் தேடிச் சிலர் போய்வந்த சுங்கை ரோடு சந்தையும் அருகில்தான் இருந்தது. அது 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

கடைக்கார அங்கிள் முதலில் “தம்பிக்காக வாங்குகிறாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “இல்லை அங்கிள், நான்தான் செய்கிறேன்,” என்றேன். உடனே அவர் பேச்சு மாறியது. மூன்று கேள்விகள் கேட்டார். ஸ்பீக்கர் எத்தனை ஓம்? அறை எவ்வளவு பெரியது? கீழே யார் குடியிருக்கிறார்கள்?

முதல் கேள்விக்கு மட்டுமே என்னிடம் பதில் இருந்தது. “மற்றதைக் கணக்குப் போட்டுவிட்டு வா,” என்று அனுப்பிவிட்டார். விற்பனையை விட்டுக்கொடுத்து என்னை அனுப்பிய அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

மூடிய பெட்டியின் தன்மையைக் கணிக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961ல் தொடங்கிவைத்த ஆய்வும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் வெளியிட்ட கட்டுரைகளும் நமக்குத் தந்தன. ஸ்பீக்கரின் தரவுத்தாளில் மூன்று எண்களைப் பாருங்கள். எங்களுடையதில் ஒத்ததிர்வு 25 ஹெர்ட்ஸ், ‘கியூடிஎஸ்’ 0.41, ‘விஏஎஸ்’ 60 லிட்டர்.

60ஐப் பெட்டியின் 30 லிட்டரால் வகுத்தால் 2. அதோடு 1ஐக் கூட்டினால் 3. அதன் வர்க்கமூலம் 1.73. இந்த 1.73ஆல் முதல் இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். பெட்டிக்குள் போனதும் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸ் ஆகிறது, கியூ 0.71 ஆகிறது. 0.71 என்பது மேடுபள்ளம் இல்லாத சீரான ஒலிக்குரிய மதிப்பு. 43 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்லச் சரியத் தொடங்கும்.

இனி பெருக்கிக்கு வருவோம். இந்த ஸ்பீக்கர் 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் தரும். 43 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைந்து 82 ஆகிறது. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு 3க்கும் திறன் இரு மடங்காக வேண்டும், ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்காக வேண்டும்.

வீட்டில் பாட்டுக் கேட்கும்போது சராசரியாக 75 டெசிபல் என்றால், பறையோ தவிலோ அதிரும் கணத்தில் அது 20 டெசிபல் கூடலாம். அந்த 95 டெசிபலை எட்ட 82க்கு மேல் 13 டெசிபல் தேவை. அதற்கு 20 வாட் போதும். 100 டெசிபல் வேண்டும் என்று அடம்பிடித்தாலும் 63 வாட்தான். 500 வாட் எங்கிருந்து வந்தது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆழம் வேண்டுமென்றால் கதை மாறும். 25 ஹெர்ட்ஸில் இந்தப் பெட்டி 10 டெசிபல் குறைவாகத் தருகிறது. அந்தப் பள்ளத்தை மின்னணு முறையில் நிரப்பலாம். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் என்ற பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும் ஒரு சுற்று இதைத்தான் செய்கிறது. ஆனால் 10 டெசிபலை நிரப்பப் பத்து மடங்கு திறன் தேவை. மேலே 10 வாட் கேட்ட இசை, கீழே 100 வாட் கேட்கும்.

அப்படியானால் 500 வாட் வாங்குவது நியாயம்தானே? இங்கேதான் இரண்டாவது எல்லை குறுக்கிடுகிறது. கூம்பு எவ்வளவு தூரம் அசைய முடியும் என்பதே அது. எங்கள் ஸ்பீக்கர் ஒரு பக்கத்துக்கு 10 மில்லிமீட்டர் அசையும். ஒரே அளவு ஒலியைத் தர, அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கணக்குப்படி, திறந்த வெளியில் தரையில் வைத்தால், 40 ஹெர்ட்ஸில் இந்தக் கூம்பு தள்ளக்கூடிய காற்று அதிகபட்சம் சுமார் 103 டெசிபல் தரும். 25 ஹெர்ட்ஸில் 95தான். அந்த 95ஐ எட்டத் தேவைப்படும் திறன் சுமார் 100 வாட். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கூம்பை அதன் எல்லைக்கு வெளியே தள்ளும், சுருளைச் சூடாக்கும். ஒலியைக் கூட்டாது.

ஆக, எங்கள் பெட்டிக்குப் பாட்டு மட்டும் போதுமென்றால் நேர்மையான 60 வாட். திரைப்பட அதிர்வுகளும் வேண்டுமென்றால் 4 ஓமில் 100 முதல் 150 வாட். அதற்கு மேல் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம். உங்கள் ஸ்பீக்கரின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் திறன், அசைவு என்ற இரண்டு எல்லைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

அறையும் பெருக்கிதான்

அங்கிளின் இரண்டாவது கேள்விக்கு இப்போது வருகிறேன். என் படுக்கையறையின் நீண்ட பக்கம் சுமார் 3.5 மீட்டர். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, அறை நீளத்தைப்போல் இரு மடங்கான 7ஆல் வகுத்தால் 49 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி அலை அறையைவிடப் பெரிதாகிவிடுகிறது. அறைக் காற்று முழுவதும் ஒன்றாக அழுந்தித் தளர்கிறது. அதனால் அறையே தாழ்வொலியை உயர்த்திக் கொடுக்கிறது.

மூடிய பெட்டி 43 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிகிறது. கான்கிரீட் சுவர் கொண்ட சிறிய வீவக அறை ஏறக்குறைய அதே இடத்திலிருந்து ஏற்றிவிடுகிறது. கதவு, சன்னல் இடுக்குகளில் கொஞ்சம் வீணானாலும் மீதமிருப்பது கணிசமானது. பெரிய பங்களா வீட்டில் 300 வாட் செய்வதை, நம் அடுக்குமாடி அறை அதைவிடக் குறைந்த வாட்டில் செய்துவிடும். சிறிய வீடு என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளத் தேவையில்லாத இடம் இது.

பெட்டியை மூலையில் வைத்தால் இன்னும் கூடும். ஒரு வாட்டும் செலவில்லாத பெருக்கி மூலைதான்.

கடையில் எதைப் பார்ப்பது?

பெருக்கிகளைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

பெட்டியின் பின்புறத்தில் பொருத்தும் தகடு வகைப் பெருக்கி ஒன்று. மின்வழங்கி, தாழ்வொலியை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டி, ஒலியளவுத் திருகு எல்லாம் அதிலேயே இருக்கும். முதல்முறை செய்பவர்களுக்கு ஏற்றது. பொருத்தும் இடத்தில் காற்றுக் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேடை நிகழ்ச்சிகளுக்கான தொழில்முறைப் பெருக்கி இரண்டாவது. கொடுக்கும் காசுக்கு வாட் அதிகம். ஆனால் அதன் விசிறி படுக்கையறையில் இரைச்சலாகக் கேட்கும், வடிகட்டியும் தனியாகத் தேவைப்படலாம்.

நான் வாங்கியதைப் போன்ற சிறு மின்பலகை மூன்றாவது. மலிவானது, கற்றுக்கொள்ள ஏற்றது. ஆனால் அதன் திறனை மின்னூட்டிதான் தீர்மானிக்கிறது.

மின்பலகைகள் பெரும்பாலும் ‘கிளாஸ் டி’ வகை. மின்சாரத்தை மிக வேகமாக முடுக்கி நிறுத்தி வேலை செய்வதால், எடுக்கும் மின்திறனில் சுமார் 90 விழுக்காட்டை ஸ்பீக்கருக்கே கொடுத்துவிடும். பழைய ‘கிளாஸ் ஏபி’ வகை கணிசமான பகுதியை வெப்பமாக விட்டுவிடும். குளிரூட்டி இல்லாத அறையில், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைப்பதாக இருந்தால் கிளாஸ் டி நல்லது. சப்வூஃபரின் தாழ்ந்த ஒலிகளில் இவ்விரண்டுக்கும் இடையிலான தர வேறுபாட்டைக் காதால் பிரித்தறிவது கடினம்.

ஓம் எண்ணில் கவனமாக இருங்கள். சில ஸ்பீக்கர்களில் இரண்டு 4 ஓம் சுருள்கள் இருக்கும். தொடராக இணைத்தால் 8 ஓம், பக்க இணைப்பில் 2 ஓம். 4 ஓமுக்குக் குறையக்கூடாது என்று எழுதியிருக்கும் பெருக்கியில் 2 ஓமை மாட்டினால், அது அளவுக்கு மீறி மின்னோட்டம் கேட்கும். பெருக்கி சூடாகி நிற்கும் அல்லது கருகும். இரு வழிகளை ஒன்றாக்கும் ‘பிரிட்ஜ்’ முறையிலும் இதே ஆபத்து உண்டு. அங்கு ஒவ்வொரு வழியும் ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் உணரும்.

மிக முக்கியமானது பாதுகாப்பு. நம் சுவர் மின்சாரம் 230 வோல்ட். மூடியில்லாத மின்வழங்கியைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். மின்செருகியைக் கழற்றிய பிறகும் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். சிங்கப்பூரில் விற்கப்படும் மின்னூட்டிகளில் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து, முழுமையாக மூடப்பட்ட ஒன்றையே வாங்குங்கள்.

நான் மறுபடி சிம் லிம் டவருக்குப் போனபோது வாங்கியது 500 வாட் பெருக்கியல்ல. பாதுகாப்புக் குறியுள்ள 24 வோல்ட், 5 ஆம்பியர் மின்னூட்டி மட்டும்தான். பழைய பலகையே இப்போது கணக்குப்படி அதிகபட்சம் 72 வாட் தருகிறது. அதில் சிதைவில்லாமல் 60 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தால்கூட எங்களுக்குப் போதும். 80 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளைக் கணினி மென்பொருளாலேயே வடிகட்டிவிட்டோம். கரகரப்பு போனது. கையிலிருந்த 200 வெள்ளியில் ஒரு பகுதி மிஞ்சவும் செய்தது.

மூன்றாவது கேள்வி

தம்பியின் பதிவைப் போட்டோம். உருமி வந்தது. வெறும் ஓசையாக அல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் முதுகில் உணரும்படி வந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பத் திரும்ப அதையே போட்டான்.

அங்கிளின் கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து, கீழ் வீட்டுக்குப் போய் மக்சிக்கிடம் அனுமதி கேட்டு, எங்கள் அறைக்கு நேர் கீழே உள்ள அறையில் நின்றேன். மேலே தம்பி வாசிப்பைப் போட்டான். செயலி காட்டிய எண் ஏறக்குறைய அசையவே இல்லை. நிம்மதியாக இருந்தது. மக்சிக் சிரித்துக்கொண்டே தம் அலமாரியைக் காட்டினார். அதன் கண்ணாடி மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

செயலிக்குக் கேட்காதது அலமாரிக்கு எப்படிக் கேட்டது? பெரும்பாலான ஒலியளவிகள் மனிதக் காதைப் பின்பற்றும் ‘ஏ’ அளவுகோலில் அளக்கின்றன. அந்த அளவுகோல் 40 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து சுமார் 35 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். 80 டெசிபல் தாழ்வொலி 45 என்று தெரியும். எண் சிறிதாக இருக்கும், தரையும் கண்ணாடியும் அதிர்ந்துகொண்டிருக்கும். நீண்ட அலைகளைக் கான்கிரீட்டும் முழுமையாகத் தடுப்பதில்லை. பெட்டிக்கு அடியில் ரப்பர் கால்கள் வைத்தால் தரை வழியாக இறங்கும் அதிர்வு ஓரளவு குறையும். காற்றில் பரவும் அதிர்வுக்கு ஒரே மருந்து ஒலியைக் குறைப்பதுதான்.

அக்கம்பக்க இரைச்சல் குறித்து ஆராய 2022ல் அமைக்கப்பட்ட சமூக ஆலோசனைக் குழு, அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. அது எல்லாருக்கும் பொதுவான கோடு. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்பதை நாமேதான் போய்க் கேட்க வேண்டும். மக்சிக் இரவு 9 மணிக்கே படுத்துவிடுவார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகளாக மின்தூக்கியில் புன்னகைத்ததோடு சரி.

நாங்கள் ஒரு வழி செய்தோம். மக்சிக் கீழே அலமாரியருகே நிற்க, நான் மேலே திருகை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். கண்ணாடி பேசாமல் நின்ற இடத்தில் அவர் கைப்பேசியில் “சரி” என்றார். திருகில் அந்த இடத்துக்கு நேராகக் கறுப்பு மையில் ஒரு கோடு போட்டோம். அந்தக் கோட்டில் எங்கள் பெருக்கி சில வாட்தான் தருகிறது என்று நினைக்கிறேன். அந்தச் சில வாட்டிலும் உருமி கேட்கிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

ஒலியில் ஆர்வம் எங்கே கொண்டுபோகும் என்று யாரும் சொல்ல முடியாது. நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூ 1981ல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989ல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை உலகெங்கும் கணினிகளைப் பேசவும் பாடவும் வைத்தது. நாம் எல்லாரும் அப்படி ஆகப்போவதில்லை. ஆனால் கையால் ஒன்றைச் செய்து, அது ஏன் சரியாக ஒலிக்கவில்லை என்று தேடும்போது, பாடநூலில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த வாய்பாடு நமக்கே உரியதாகிறது.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் ஸ்பீக்கரின் தரவுத்தாளை எடுத்து, பெட்டிக் கணக்கைப் போடுங்கள். பிறகு எத்தனை டெசிபல் வேண்டும் என்று முடிவுசெய்து, அதற்கான வாட்டைக் கண்டுபிடியுங்கள். கூம்பின் அசைவு அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். ஓம் பொருந்துகிறதா, மின்னூட்டி போதுமா என்று சரிபாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால், கீழ் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இன்னும் குப்பைக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.